கடைமடைக்கு வந்த கரண்டு

உப்பிலாங்கண்மாய்க்காரர்களிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் இரண்டு தடவை யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர்கள் ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். நல்ல ஜனங்கள். பொய் சொல்லத் தெரியாது, அடுத்தவர் பிழைப்பில் மண் போடத் தெரியாது. சொன்ன சொல்லைத் தட்டவும் தெரியாது. அது ஒன்றுதான் கோளாறு.

டவுன் பஸ்ஸில் ஒருமுறை கூட்டமாகத் தொற்றிக்கொண்டு வந்தார்கள். "படியில நிக்காதீங்கப்பா" என்றார் கண்டக்டர். உடனே அத்தனை பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் குற்றம் சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை. அன்றிலிருந்து அந்த ஊர் எல்லைக்குள் அவர் வாயைத் திறப்பதில்லை, விசிலோடு சரி.

ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க் கரையை ஒட்டி மேலத்தெரு, அதைத் தாண்டினால் கீழத்தெரு. கீழத்தெருவிலும் கிழக்குக் கோடியில், இதற்கு மேல் ஊரே இல்லை என்கிற இடத்தில், மாயழகு வீடு. கண்மாய்த் தண்ணீர் அவன் வயலுக்கு வரும்போது ஈரமாக மட்டும்தான் வரும். ரேஷன் கடைச் சர்க்கரை அவன் முறை வரும்போது சாக்காக மட்டும்தான் இருக்கும். கரண்டும் அப்படித்தான். மேலத்தெருவில் டிரான்ஸ்பார்மரை விட்டுக் கிளம்பும்போது கொழுகொழுவென்று இருக்கிற கரண்டு, மாயழகு வீட்டுக் கம்பத்துக்கு வந்து சேரும்போது இளைத்து எலும்பாகிவிடும். பல்பைப் போட்டால் அந்த வெளிச்சத்தில் பல்பை மட்டும் பார்க்கலாம்.

மாயழகுக்கு இதில் வருத்தம் இருந்ததில்லை. பல்பு தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டான். வினை கிரைண்டர் ரூபத்தில் வந்தது.

அவன் பெண்சாதி அழகுநாச்சிக்கு அவள் அண்ணன் கல்யாணச் சீராக ஒரு கிரைண்டர் கொடுத்திருந்தான். நல்ல கல், நல்ல குழவி, நீல நிறத்தில் பெயிண்ட். வீட்டில் வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். 'ம்ம்' என்று ஒரு முனகல் முனகியது. அதற்கப்புறம் எத்தனை வருடம் போட்டாலும் அந்த முனகல்தான். அழகுநாச்சி ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் வாளியில் தூக்கிக்கொண்டு மேலத்தெரு வெள்ளைக்கண்ணு வீட்டுக்குப் போய் ஆட்டிக்கொண்டு வருவாள். வெள்ளைக்கண்ணு ஊரிலேயே மாடி வீடு வைத்திருக்கிற ஒரே ஆள். ஒருநாள் அவர் பெண்சாதி, வீட்டில் கிரைண்டரை வைத்துக்கொண்டு இங்கேயா மாவாட்ட வருகிறாய் என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். கேட்டதைக்கூட அழகுநாச்சி பொறுத்துக்கொண்டிருப்பாள். சிரித்ததுதான் ஆகவில்லை.

நேரே வீட்டுக்கு வந்து, துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

"எங்கண்ணன் குடுத்த கிரைண்டர் நம்ம வீட்ல என்னைக்குச் சுத்துதோ, அன்னைக்குச் சொல்லிவிடுங்க. வர்றேன்."

கண்மாயைத் தாண்டினால் அண்ணன் ஊர். போய்விட்டாள். மாயழகு அன்று சாயங்காலமே கல்லைக் கையால் சுற்றிவிட்டு, சுற்றுகிறது என்று ஆள் அனுப்பினான். கையிலா, கரண்டிலா என்று அவள் கேட்டு அனுப்பினாள். கையில்தான் என்று இவன் உள்ளதைச் சொல்லி அனுப்பினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை.

மாயழகு கஞ்சி காய்ச்சிக் குடித்தான். கஞ்சி அவனுக்கு ஒரு பொருட்டில்லை. எதிரே உட்கார்ந்து "உப்புப் போதுமா பாருங்க" என்று கேட்க ஆள் இல்லாததுதான் தொண்டையில் நின்றது. கேட்க ஆள் இல்லாததால் அவன் உப்பே போடாமல் குடித்து வந்தான்.

இந்தச் சமயத்தில்தான் ரெஜினா என்கிற இன்ஜினியரம்மா ஊருக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்ச் சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துக் கொடுப்பது அவர் வேலை. ரேஷன் கடை முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்து, உங்கள் ஊரில் எது நிறைய இருக்கிறது என்று கேட்டார். கருவேலமுள் என்றார்கள். அதற்கு அடுத்தது என்றார். வெயில் என்றார்கள். ரெஜினா முகம் மலர்ந்தது. அந்த வெயிலில் இருந்துதான் கரண்டு எடுக்கப் போகிறோம், இதில் வெளியூர் முதலாளி யாரும் கிடையாது, சேருகிற எல்லாரும் முதலாளி, எல்லாருக்கும் சம பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று விளக்கினார்.

"ஆனா ஒண்ணு. கூட்டுறவுன்னா எல்லாரும் தோள் குடுக்கணும். அப்பத்தான் நடக்கும்" என்று முடித்தார்.

கூட்டத்தில் இருந்த எல்லாரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றார்கள். எதைத் தூக்குவது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். ரெஜினா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சங்கத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி சொக்கையா, இத்தனை காலம் வெயிலில் சும்மா காய்ந்துவிட்டோமே, பதிலுக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டாமா என்று சேர்ந்தார். வெள்ளைக்கண்ணுக்குக் கரண்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் சேருகிற எல்லாரும் முதலாளி என்றதும், தான் ஒருவன் மட்டும் ஊருக்கெல்லாம் கூலியாளாகிவிடுவோமே என்று பயந்து முதல் ஆளாகச் சேர்ந்தார். ஒரு மாமியாரும் மருமகளும் ஒருவர் ஓட்டை இன்னொருவர் அடிப்பதற்காகத் தனித்தனியாகச் சேர்ந்தார்கள். கூட்டத்தில் டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு எப்படிச் சேராமல் போவது என்று சேர்ந்தவர்கள் பாதிப் பேர்.

மாயழகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "இதுல கிரைண்டர் சுத்துமாம்மா?"

"ஊர்ல இருக்கிற அத்தனை கிரைண்டரும் சுத்தும்" என்றார் ரெஜினா. அவர் சொல்லி முடிப்பதற்குள் மாயழகு கையெழுத்துப் போட்டுவிட்டான். நாற்பது குடும்பமும் சேர்ந்தாயிற்று.

கண்மாய்க் கரையில், குடும்பத்துக்கு ஒன்று வீதம், நாற்பது பேனல்களை வரிசையாக நிறுத்தினார்கள். அங்கிருந்து கம்பங்கள் நட்டு, மேலத்தெரு வழியாகக் கீழத்தெருக் கோடியில் மாயழகு வீடு வரைக்கும் கம்பி இழுத்தார்கள். பகலில் மட்டும் இந்தக் கரண்டு, ராத்திரிக்குப் பழைய கரண்டு என்று ஏற்பாடு. ரெஜினா கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். பேனல் மேல் தூசி படிய விடக்கூடாது. பேனல் மேல் நிழல் விழக்கூடாது. மூன்றாவதாக, ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, பாவம், நல்ல எண்ணத்தில் ஒன்றைச் சொன்னார்:

"கரண்டை உங்க கண்மாய்த் தண்ணி மாதிரி நெனச்சுக்கங்க. வீணாக்காமப் பங்கிட்டுக்கங்க."

முதல் இரண்டும் சுலபமாக இருந்தன. தூசி படிந்த பிறகு துடைப்பது படிய விட்டதாகத்தானே ஆகும்? அதனால் ஆறேழு பேர் பேனல்களைச் சுற்றி நின்று, துண்டைச் சுழற்றித் தூசியை வானத்திலேயே விரட்டினார்கள். மேகம் வந்து நிழல் விழுந்தபோது வெள்ளைக்கண்ணு கரை மேல் ஏறி நின்று மேகத்தை அதட்டினார். அது போய்விட்டது. அவருக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவதுதான் யோசிக்க வேண்டியதாக இருந்தது. கண்மாய்த் தண்ணீர் என்றால் அதற்கு நீர்ப்பாய்ச்சி வேண்டும். சொக்கையாவையே கரண்டுக்கும் போட்டார்கள். அவர் தோளில் மண்வெட்டியோடு கம்பி போகும் வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்து, சங்கத்தாரிடம் கவலையோடு சொன்னார்:

"கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல கம்பி தொங்குதப்பா. மேட்டுல இருந்து பள்ளத்துக்கு எறங்குன கரண்டு, மறுபடி மேட்டுக்கு எப்படி ஏறும்?"

"ஏறாது" என்றார் வெள்ளைக்கண்ணு.

"ஏறாட்டி அந்த எடத்துல ஒழுகும்."

"ஒழுகும்."

"ஒழுகுனா வீணாப் போகும். வீணாக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்கு."

எனவே கம்பிக்கு நேர் கீழே, கண்மாய்க் கரையில் தொடங்கி மாயழகு வீட்டு வாசல் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஒழுகுகிற கரண்டு கடைசி வீட்டுக்காவது போய்ச் சேரட்டும் என்று. மாயழகுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைமடைக்காரனை நினைத்து இந்த ஊர் வெட்டிய முதல் வாய்க்கால் அதுதான்.

அடுத்தது முறை. ஒரு வீட்டுக்கு அரை ஊதுவத்தி எரிகிற நேரம் என்று பேசி முடித்தார்கள். ஒரு வீட்டில் கரண்டு பாயும்போது மற்ற வீடுகளின் மடையெல்லாம் அடைத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று மாயழகு கேட்டான். மடைப்பலகையை இறக்கினாலும் கசிவு இருக்கத்தானே செய்கிறது என்று சொக்கையா திருப்பிக் கேட்டார். சொக்கையா கூடை நிறையக் களிமண்ணைச் சுமந்துகொண்டு போய் வீடு வீடாகச் சுவிட்சுப் பலகையில் அப்பினார். முறை வந்த வீட்டில் மட்டும் மண்ணைச் சுரண்டி எடுப்பார், ஊதுவத்தியைக் கொளுத்தி வைப்பார், பாதி எரிந்ததும் மறுபடி அப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

முறை தலைமடையில்தான் தொடங்கும். கண்மாய் வெட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். சூரியன் கிளம்பியதும் மேலத்தெருவில் ஆரம்பித்த முறை, வீடு வீடாக நகர்ந்து மாயழகு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவன் குளித்து, கிரைண்டருக்குப் பொட்டு வைத்து, அரிசி ஊறவைத்துக் காத்திருந்தான். சொக்கையா மண்ணைச் சுரண்டினார். சுவிட்சைப் போட்டார்கள். பழைய முனகல்கூட வரவில்லை.

"சூரியன் கண்மாய் மறுகாலைத் தாண்டி எறங்கிருச்சு மாயழகு" என்று சொல்லிவிட்டுச் சொக்கையா ஊதுவத்தியை நியாயமாகப் பாதி வரைக்கும் எரிய விட்டார்.

மாயழகு சங்கத்தைக் கூட்டினான். அழகுநாச்சி போய் அறுப்பே முடிந்துவிட்டது, முறையைக் கடைசி வீட்டிலிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்டான்.

"தண்ணி என்னைக்காச்சும் கடைமடையில பொறந்து மேல ஏறி வந்திருக்கா?" என்றார் வெள்ளைக்கண்ணு.

கூட்டம் யோசித்தது. வந்ததில்லை. மாயழகும் யோசித்துப் பார்த்து, வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டான். எதிராளியின் நியாயம் அவனுக்குச் சட்டென்று விளங்கிவிடும். அதுதான் அவன் தலையெழுத்து.

ஆனால் சொக்கையாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவரே எல்லாரையும் கூப்பிட்டார்.

"நாம தப்புப் பண்ணிட்டமப்பா. பேனல் கண்மாய் இல்ல. அது வெறும் மடை. கண்மாய் வானத்துல இருக்கு. சூரியன் எங்க உதிக்குது?"

"கெழக்க."

"ஊருக்குக் கெழக்க யாரு வீடு?"

எல்லாரும் திரும்பி மாயழகைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவன் கூச்சப்பட்டுத் துண்டைச் சரி செய்துகொண்டான். இத்தனை தலைமுறையாகக் கடைமடை என்று நினைத்திருந்தது தலைமடையாகிவிட்டது.

வெள்ளைக்கண்ணும் விட்டுக் கொடுக்கவில்லை. உச்சி சாய்ந்தால் சூரியன் மேற்கே வருகிறதே, அப்போது மேலத்தெருதானே தலைமடை என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. காலை கீழத்தெருவுக்கு, மாலை மேலத்தெருவுக்கு என்று முடிவானது. நடுவில் சூரியன் உச்சியில் நிற்கிற நேரம்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. உச்சியில் நிற்கும்போது அது எந்தத் தெருப் பக்கமும் இல்லை. எந்தப் பக்கமும் சேராத தண்ணீரை எந்தப் பக்கத்தாரும் எடுக்கக் கூடாது. இது எழுதாத சட்டம். ஆகவே உச்சிப் பொழுதில் நாற்பது வீட்டிலும் களிமண் அப்பப்பட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பேனல்கள் தகதகவென்று கொதித்தன. எல்லாரும் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு, ஒருத்தன்கூட ஏமாற்றவில்லை என்கிற பெருமையோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மாயழகு அழகுநாச்சிக்குச் சொல்லியனுப்பினான். இனிமேல் நாம்தான் தலைமடை, ஊரில் முதல் முறை நம்முடையது, விடியும்போது வந்துவிடு என்று. அவளுக்கும் உள்ளூர ஆசைதான். ஊறவைத்த அரிசியை வாளியில் தூக்கிக்கொண்டு, கிழக்கு வெளுக்கும்போதே கண்மாய்க் கரை வழியாக நடந்து வந்துவிட்டாள். சூரியன் முதல் கீற்றை நீட்டியதும் சொக்கையா மண்ணைச் சுரண்டி ஊதுவத்தியைக் கொளுத்தினார். சுவிட்சைப் போட்டான் மாயழகு.

'ம்ம்' என்றது கிரைண்டர்.

அழகுநாச்சி பாதி ஊதுவத்தி எரிந்து சாம்பல் உதிருகிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டாள். "கடைமடையா இருக்கையில முனகுனதைத்தான் தலைமடையானப்பறமும் முனகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாயழகு கரை வரைக்கும் பின்னாலேயே போனான். அவள் தலை மறைந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான். தலைமடைக்காரன் அழுதால் தெருவுக்கு அழகில்லை என்று நினைப்பு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

இந்த ஊரில் உச்சி வேளையில் மட்டும் ஒருத்தரும் கரண்டு எடுப்பதில்லை என்பதை ரெஜினா டவுனில் இருந்தபடியே தன் போனில் பார்த்திருக்கிறார். விசாரிக்க வந்தார். வந்ததும் ஜீப்பின் முன் சக்கரம் கரண்டு வாய்க்காலில் இறங்கிக்கொண்டது. நடந்து வந்து, வீடு வீடாகக் களிமண்ணைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார். இது தண்ணீர் இல்லை, முறையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தாலும் போதும் போதும் என்று வரும் என்று சொன்னார். அவர்கள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவும் ஏறாது என்று தோன்றியது போலிருக்கிறது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நல்ல உச்சி வெயில்லதான் கிரைண்டர் ஓடும். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, போதும்."

இதை மட்டும் என்று சொல்லிவிட்டதால், மற்றதையெல்லாம் அவர்கள் கவனமாக மறந்தார்கள்.

மறுநாள் உச்சி வேளையில் ஊரில் இருந்த கிரைண்டர்கள் அத்தனையும் கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டன. ஊரில் நிழலே இல்லாத இடம் அதுதான். வரிசையாக வெயிலில் வைத்து, பக்கத்தில் அரிசியோடு நின்றார்கள். மாயழகின் நீல நிறக் கிரைண்டர் பேனலை ஒட்டி முதலில் இருந்தது. கல் சுட்டது. குழவி சுட்டது. ஓடவில்லை. வயர் எதிலும் மாட்டவில்லையே என்று மாயழகு இழுத்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னதில் வயர் வருகிறதா என்று சொக்கையா கேட்டார். வரவில்லை. நின்றார்கள்.

அந்தப் பக்கமாகப் போன பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இதைப் பார்த்தார். இந்த ஊர் எல்லைக்குள்தானே அவர் வாயைத் திறப்பதில்லை? அடுத்த ஊர் அழகுநாச்சியின் அண்ணன் ஊர்; அங்கே இறங்கி நின்று எல்லாரிடமும் சொன்னார். அண்ணன் கொடுத்த சீர் கண்மாய்க் கரையில் காய்கிறது என்று கேட்டதும் அழகுநாச்சிக்குப் பொறுக்கவில்லை. லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு கிரைண்டரைத் திரும்ப எடுத்துப் போக நேராகக் கரைக்கே வந்துவிட்டாள்.

மாயழகோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தாள், கையை உதறினாள். வெயிலில் கெட்டுப் போய்விட்டதா என்று பார்ப்பதற்காக வயரை எடுத்து, பேனலுக்குக் கீழே இரும்புப் பெட்டியில் இருந்த பிளக்கில் செருகிச் சுவிட்சைத் தட்டினாள்.

கிரைண்டர் சுற்றியது. கல்யாணத்தன்று சுற்றியிருக்க வேண்டிய வேகத்தில் கடகடவென்று சுற்றியது. நாற்பது குடும்பமும் வாயைப் பிளந்தது. மாயழகு தன் அரிசியை அள்ளிப் போட்டான். வெள்ளை வெளேரென்று மாவு திரண்டு வந்தது.

"சுத்திருச்சு நாச்சி" என்றான்.

"சுத்திருச்சு. ஆனா நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"நம்ம வீட்ல சுத்தணும்னு."

"இது நம்ம வீடா?"

மாயழகு சுற்றுமுற்றும் பார்த்தான். கரை இருந்தது, பேனல் இருந்தது, வெள்ளைக்கண்ணு இருந்தார். "இல்ல" என்றான்.

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய், களிமண்ணைச் சுரண்டிவிட்டு, வீட்டு பிளக்கில் மாட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நீங்கள் அந்த ஊர்த் தண்ணீர் குடிக்காதவர். அழகுநாச்சி பத்து வருடம் குடித்தவள். ஓடுகிற வண்டியை யாராவது இடம் மாற்றுவார்களா, அது பாட்டுக்கு ஓடட்டும், வீட்டை இங்கே கொண்டு வருவோம் என்று சொக்கையா சொன்னபோது, அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

தோள் கொடுப்பது என்று ரெஜினா சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விளங்கியது. மாயழகு வீடு தகரச் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையும்தான். நாற்பது குடும்பமும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்று, கூரையை அப்படியே தோளில் ஏற்றினார்கள். சுவர்த் தகரங்கள் பின்னால் வந்தன. கதவு தனியாக வந்தது. வீடு கீழத்தெருவையும் மேலத்தெருவையும் தாண்டி ஊர்வலமாகப் போனது. கண்மாய்க் கரையில், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நடுவில் வரும்படி வீட்டை இறக்கினார்கள்.

கூரை இறங்கியதும் கிரைண்டர் நின்றுவிட்டது.

எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். கீற்றுக் கூரை பேனல்களின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, நன்றாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நெழல் விழக்கூடாதுன்னு அந்தம்மா தலைப்பாடா அடிச்சுக்கிச்சு" என்றார் வெள்ளைக்கண்ணு. "வீட்டை எடுத்துருவமா?"

"வீட்டை எடுத்தா நாச்சி போயிரும்" என்றான் மாயழகு.

ஓட்டுக்கு விட்டார்கள். வீடு நகர்வதா, பேனல் நகர்வதா? மாமியார் வீடு என்றாள், அதனால் மருமகள் பேனல் என்றாள். மற்றவர்கள் மாயழகு முகத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். பேனல் தோற்றது, அதுதான் நகர வேண்டும் என்றாயிற்று. நிழல் இல்லாத காலி இடம் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடியபோது, கீழத்தெருக் கோடியில் நல்ல இடம் ஒன்று அப்போதுதான் காலியாகியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு பேனலாகத் தூக்கிக்கொண்டு போய், மாயழகு வீடு இருந்த மனையில் நிறுத்தினார்கள். டவுனிலிருந்து வந்த வயர்மேன், அந்த முனையில் இருந்ததை இந்த முனையிலும் இந்த முனையில் இருந்ததை அந்த முனையிலும் மாட்டிக் கொடுத்தார். அவர் அம்மா பிறந்த ஊர் உப்பிலாங்கண்மாய். அதனால் எதையும் கேட்கவில்லை.

அடுத்த நாள் உச்சி வெயிலில், கண்மாய்க் கரை வீட்டுக்குள் அழகுநாச்சி சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் சுற்றியது. நான்கு சுவரும் கூரையும் கதவும் உள்ள சொந்த வீட்டில், அண்ணன் கொடுத்த கிரைண்டர் சுற்றியது. அவள் மாவை வழித்து, கல் உப்பைப் போட்டுக் கரைத்து, விரலில் தொட்டு நீட்டினாள்.

"உப்புப் போதுமா பாருங்க."

மாயழகுக்கு வாயில் ருசியே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். போதும் போதும் என்று தலையாட்டினான். மறுநாள் இட்லி கொஞ்சம் கரித்தது.

ரெஜினா மறுபடி வந்தார். பேனல் இருந்த இடத்தில் வீடும், வீடு இருந்த இடத்தில் பேனலும் இருப்பதைப் பார்த்து, வாய்க்கால் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மாயழகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முன்னாடி அந்தக் கோடியில வீடு, இந்தக் கோடியில பேனல். இப்ப இந்தக் கோடியில வீடு, அந்தக் கோடியில பேனல். நடுவுல அதே கம்பி. அப்ப என்னதான் மாறுச்சு?" என்று கேட்டார்.

சொக்கையாதான் பதில் சொன்னார். "முன்னாடி கரண்டு கெழக்க பாத்துப் போச்சும்மா. சூரியன் மேக்க பாத்து வருது. ரெண்டும் வழியில முட்டிக்கிச்சு. இப்ப ரெண்டும் ஒரே பக்கமாப் போகுது."

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பஸ் கண்டக்டர் மாதிரியே மூடிக்கொண்டார். அழகுநாச்சி இட்லி வைத்தாள், சாப்பிட்டார்.

அவர் கை கழுவும்போது வெள்ளைக்கண்ணு வந்து நின்றார். பேனல் கிழக்கே போனதிலிருந்து கரண்டு கீழத்தெருவில் தொடங்கி மேலத்தெருவில் முடிகிறது, ஊரறிய நான் கடைமடைக்காரனாகிவிட்டேன், நானும் சங்கத்தில் சம பங்கு உள்ளவன்தானே, என் வீட்டையும் இடம் மாற்றித் தர வேண்டும் என்றார். கேட்டது நியாயமாக இருந்தது. சங்கத்தார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் மாடி வீட்டைச் சுற்றி நின்று தோள் கொடுத்துப் பார்த்தார்கள். கான்கிரீட் வீடு, ஒரு நூல் அசையவில்லை. ரெஜினா தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் எதைச் சொன்னால் எதைச் செய்வார்களோ என்று பயந்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

சொக்கையா சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "அரிசியே ஊறாம மசியாது. இது சிமெண்டு. நல்லா ஊறணும்" என்றார்.

கரண்டுக்காக வெட்டிய வாய்க்கால் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. சொக்கையா கண்மாய் மடையைத் திறந்துவிட்டார். வெள்ளைக்கண்ணு குடும்பத்தோடு மாடிக்குக் குடியேறிவிட்டார். தினமும் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சுவரின் ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்கிறார். மாடி ஜன்னலிலிருந்து அவர் பெண்சாதி, ஊறிவிட்டதா என்று கேட்கிறாள்.

"நடுவுல இன்னும் கொஞ்சம் அரிசி இருக்கு" என்கிறார் அவர்.